மகன் கையைக் கடித்துக்கொள்கிறான், பள்ளியிலிருந்து தினமும் அழைப்பு வருகிறது. என்ன செய்வது?

தாமரைக்குளம் | திங்கள், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக இங்கே வாசிக்க மட்டுமே வந்துபோனேன். இன்று எழுதாமல் தூக்கம் வராது.

என் மகனுக்கு எட்டு வயது நடக்கிறது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை, "ம்மா" என்ற ஒலி மட்டும் எப்போதாவது வரும். நாங்கள் சொல்வது பெரும்பாலும் அவனுக்குப் புரிகிறது. செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருவான், யார் வெளியே கிளம்புகிறோம் என்று பார்த்து அவரவர் செருப்பைத்தான் எடுத்து வருவான். ஆனால் போன ஆடியிலிருந்து வலது கையைக் கடித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறான். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையில் காய்ப்புக் காய்த்துவிட்டது, உளி பிடிக்கும் தச்சர் கை போல. சில நாள் ரத்தமும் வருகிறது.

வாரத்தில் நான்கு நாளாவது பதினொரு மணிக்குள் பள்ளியிலிருந்து அழைப்பு வந்துவிடும். "கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் அம்மா, மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள்." நான் தையல் வேலைக்குப் போகிறேன். பாதி நாள் கூலி போகிறது. அதுகூடப் பரவாயில்லை. அவனைக் கூட்டி வரும்போது வழி முழுக்க அவன் அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறான், அதைப் பார்த்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

கையுறை போட்டுப் பார்த்தோம், அதையும் சேர்த்துக் கடித்தான். மருந்து கொடுத்தார்கள், தூங்கித் தூங்கி விழுந்தான். உறவில் ஒருவர் சூடு வைத்தால் சரியாகும் என்றார். அவர் வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். என்னை வதைப்பதற்காக அவன் இதைச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் செய்கிறான் என்பதுதான் தெரியவில்லை.

மஞ்சள்வீடு | திங்கள், இரவு 10.55

அம்மா, முதலில் பல் மருத்துவரைப் பாருங்கள். பிறகு காது, பிறகு வயிறு. என் மகள் (இப்போது 19 வயது) இரண்டு மாதம் தாடையில் தானே குத்திக்கொண்டாள். நாங்கள் நடத்தைப் பயிற்சி, அது இது என்று அலைந்தோம். கடைசியில் கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை சொத்தை. எடுத்த மூன்றாம் நாள் குத்துவது நின்றது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வேறு என்ன வழி இருந்தது? அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. மலச்சிக்கலையும் விட்டுவிடாதீர்கள், நம் பிள்ளைகளிடம் அது நிறைய இருக்கிறது, யாரும் கேட்பதில்லை.

கரும்பலகை | செவ்வாய், காலை 6.10

நான் சிறப்பாசிரியர். 14 ஆண்டு அனுபவம். மஞ்சள்வீடு சார் சொன்னதை முதலில் முடித்துவிடுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு ஒரு வேலை தருகிறேன்.

ஒரு நோட்டு போடுங்கள். பால் கணக்கு எழுதும் சின்ன நோட்டு போதும். ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: கடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், கடித்த உடனே மற்றவர்கள் என்ன செய்தார்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் எழுத மறந்துவிடுகிறார்கள், எனக்கு வேண்டியது அதுதான். "கோபத்தில் கடித்தான்", "அடம் பிடித்தான்" என்றெல்லாம் எழுத வேண்டாம். ஒரு கேமரா பார்த்திருந்தால் எதைப் பார்த்திருக்குமோ அதை மட்டும் எழுதுங்கள். பள்ளியில் ஆயா அம்மாவோ உதவியாளரோ இருந்தால் அவரிடமும் ஒரு நோட்டு கொடுங்கள். பத்து நாள் கழித்து வாருங்கள்.

தாமரைக்குளம் | அடுத்த வாரம் வியாழன், இரவு 9.40

பல், காது, வயிறு மூன்றையும் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை. பள்ளி உதவியாளர் அக்கா மிக நல்லவர், தன் கையால் எழுதித் தந்தார். ஒன்பது நாள் கணக்கு இது.

மொத்தம் 31 முறை. அதில் 22 முறை எழுத்து நோட்டை அவன் முன்னால் வைத்த பிறகு. புள்ளி வைத்த எழுத்தின் மேல் பென்சிலால் ஓட்டி எழுதும் நோட்டு அது. ஆறு முறை வீட்டில் மிக்ஸி ஓடும்போது. மூன்று முறைக்குக் காரணம் பிடிபடவில்லை.

சார், மூன்றாவது பத்தியை நேற்று இரவு வரிசையாகப் படித்தேன். "நோட்டை எடுத்துவிட்டோம்." "நோட்டை எடுத்துவிட்டோம்." "அம்மாவுக்குப் போன் செய்தோம்." "நோட்டை எடுத்துவிட்டோம்." பக்கம் முழுக்க இதுவே. கடித்தால் நோட்டு போய்விடுகிறது. நன்றாகக் கடித்தால் பள்ளிக்கூடமே போய்விடுகிறது. நான் பஸ்ஸில் அவனைக் கூட்டி வந்தேனே, அதுவும் அந்தக் கணக்கில்தான் சேருகிறது, இல்லையா?

கரும்பலகை | வெள்ளி, காலை 5.50

ஆமாம் அம்மா, சேருகிறது. ஆனால் அதை உங்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தம் வரக் கடிக்கும் பிள்ளை முன்னால் நோட்டை நீட்டிக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. உங்கள் மகன் தன் கையை வைத்து ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டிருக்கிறான், அந்த வாக்கியம் "போதும்". அவனிடம் இருக்கும் ஒரே மொழி அது. அதைவிட வலிக்காத, அதைவிட வேகமான ஒரு "போதும்" அவன் கையில் கொடுத்தால் இதை விட்டுவிடுவான்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. 1982-இல் அமெரிக்காவில் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை வெவ்வேறு சூழலில் வைத்துப் பார்த்தார்கள்: பாடம் கொடுக்கும்போது, காயப்படுத்திக்கொண்டதும் ஒருவர் ஓடி வந்து கவனிக்கும்போது, தனியே இருக்கும்போது, விளையாடும்போது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரியான செயல், ஆனால் அது கூடும் சூழல் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. அதன் பிறகு 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் நான்கு பிள்ளைகளிடம் செய்த ஆய்வுதான் எங்கள் தொழிலுக்கே அடித்தளம். பாடம் கடினமாக இருக்கும்போது முரண்டு பிடித்த பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள், சொன்னதும் ஆசிரியர் உதவினார். யாரும் கவனிக்காதபோது முரண்டு பிடித்த பிள்ளைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள், கேட்டதும் பாராட்டு கிடைத்தது. முரண்டு குறைந்தது. நான் பயிற்சி வகுப்புகளில் அழுத்திச் சொல்வது இதற்கு அடுத்த பகுதியை: சொல்லை மாற்றிக் கொடுத்தபோது, உதவி தேவைப்பட்ட பிள்ளைக்குப் பாராட்டுக் கேட்கும் சொல்லைக் கொடுத்தபோது, குறையவே இல்லை. ஏதோ ஒரு சொல்லைக் கற்பித்தால் போதாது. கடி எந்த வேலையைச் செய்கிறதோ அதே வேலையை அந்தச் சொல்லும் செய்ய வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உள்ளங்கை அளவுக்கு ஓர் அட்டை. அதில் நிறுத்து என்பது போல ஒரு கை படம், கீழே "போதும்" என்று எழுத்து. மேசையின் வலது ஓரத்தில் நூலால் கட்டிவிடுங்கள், அவன் எழாமல் எட்டிப் பிடிக்க வேண்டும். பயிற்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எதிரில் நோட்டோடு உட்கார வேண்டும். இன்னொருவர் பின்னால், வாய் திறக்கவே கூடாது. கடிப்பதற்கு முன்னால் அவனிடம் ஏதாவது அறிகுறி தெரியும், தோளைத் தூக்குவான், முனகுவான். அந்த நொடியில் பின்னால் இருப்பவர் அவன் கையை மெல்லப் பிடித்து அட்டையை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் வைக்க உதவ வேண்டும். எதிரில் இருப்பவர் "போதும்!" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு அந்தக் கணமே நோட்டை அகற்ற வேண்டும். ஒரு நிமிடம் ஓய்வு. பிறகு மறுபடி. ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை, சின்னச் சின்னதாக. சில நாளில் கையைப் பிடிப்பதை விட்டு முழங்கையைத் தொட்டால் போதும், பிறகு அதுவும் வேண்டாம்.

கடித்துவிட்டால்? திட்ட வேண்டாம், பதற வேண்டாம், "வேண்டாம்டா கண்ணா" என்று கெஞ்சவும் வேண்டாம். கையை மெல்ல விலக்குங்கள், சில நொடி அமைதி, பிறகு அட்டையின் பக்கம் கையைக் கொண்டுபோங்கள், ஓய்வு அட்டைக்காகக் கிடைக்கட்டும். ஆனால் இதே வரிசை அடிக்கடி நடந்தால் "கடி, பிறகு அட்டை" என்று சேர்த்துக் கற்றுக்கொள்வான். அதனால்தான் கடிப்பதற்கு முன்பே பிடியுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. புள்ளியின் மேல் ஓட்டி எழுதும் நோட்டு எத்தனை பக்கம்? அவனுக்கு அதில் என்ன கிடைக்கிறது? அந்த நோட்டையும் கொஞ்சம் கேள்வி கேளுங்கள். சில சமயம் பிள்ளை சொல்லும் "போதும்" முழுக்க நியாயமானதாக இருக்கிறது.

வடக்குத்தெரு | வெள்ளி, காலை 8.30

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு இது விளங்கவில்லை. அட்டையை நீட்டினால் வேலை இல்லை என்று ஆகிவிட்டால் எந்தப் பிள்ளைதான் வேலை செய்யும்? காலை முதல் மாலை வரை அட்டையைத்தான் நீட்டுவான். நாளைக்கு உலகம் அவனுக்கு அட்டை பார்த்தா இடம் கொடுக்கும்? எங்கள் வீட்டில் ஒரு அதட்டல் போட்டால் அடங்கும்.

ஒற்றைவிரல் | வெள்ளி, பிற்பகல் 3.15

எனக்கு 34 வயது. மூளை முடக்குவாதம். பேச்சு கிடையாது. இதை ஒரு விரலால் தட்டுகிறேன், காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

பதினொரு வயது வரை எனக்குத் தொடர்புப் பலகை, அதாவது வேண்டிய சொல்லைக் காட்டிப் பேச உதவும் பலகை, கிடையாது. நான் படித்த இடத்தில் என் நாற்காலியை எப்போதும் ஒரே இடத்தில் போடுவார்கள், மேற்கு ஜன்னலுக்கு நேராக. பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் நேரே கண்ணில் விழும். என்னால் தலையைத் திருப்பி வைத்திருக்க முடியாது. நான் கத்துவேன். தலையைப் பின்னால் மரத்தில் மோதுவேன். பசி என்று நினைத்து ஊட்டுவார்கள். கவனிப்புக்காகச் செய்கிறான் என்று சில மாதம் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்தார்கள். அதட்டினார்கள். வடக்குத்தெரு சார், அதட்டினால் நானும் அடங்கினேன். வெயில் அடங்கவில்லை.

பலகை வந்த இரண்டாவது வாரம் நான் கண்ணால் காட்டிய சொல் "வெயில்". ஆசிரியை நாற்காலியை இரண்டு அடி தள்ளிப் போட்டார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. மூன்று ஆண்டு முரடன் என்ற பெயர் எனக்கு.

தாமரைக்குளம் அம்மாவிடம் இரண்டு வேண்டுகோள். "போதும்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவன் சொல்லும்போது கேட்காமல் இருந்துவிடாதீர்கள். அதைவிடச் சொல் இல்லாமலே இருப்பது மேல். இரண்டாவது, அந்த ஓர் அட்டையோடு நின்றுவிடாதீர்கள். "பார்", "பிடிக்கும்", "வலிக்கிறது", "எங்கே" எல்லாம் அவனுக்கு வேண்டும். எனக்கு முதலில் கொடுத்த பலகையில் தண்ணீர், சோறு, கழிப்பறை மூன்றுதான் இருந்தன. அந்த மூன்றையும் தவிர வேறொன்றைச் சொல்ல வேண்டிய நேரம் எனக்கு எத்தனையோ இருந்தது.

மஞ்சள்வீடு | வெள்ளி, மாலை 4.05

ஒற்றைவிரல் தம்பி, படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. நன்றி.

தாமரைக்குளம் | சனி, இரவு 9.15

தம்பி, அப்படியே செய்கிறேன். அட்டை தயார், மகனின் உள்ளங்கையையே காகிதத்தில் வைத்துக் கோடு வரைந்து செய்தேன். ஒரு தடங்கல். மாமியார் பயப்படுகிறார்கள். "அட்டையைக் கொடுத்துப் பழக்கிவிட்டால் பிள்ளை பேசவே மாட்டான், சோம்பேறி ஆகிவிடுவான்" என்கிறார்கள். அவர்கள் "ஆத்தா சொல்லு, அப்பா சொல்லு" என்று தினமும் அவன் முன்னால் உட்காருபவர்கள். அந்த நம்பிக்கையை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

குரல்வழி | ஞாயிறு, காலை 11.00

பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். இந்தப் பயத்தை வாரம் ஒரு முறையாவது யாராவது என் எதிரில் உட்கார்ந்து சொல்கிறார்கள், பெரும்பாலும் பாட்டிகள். ஆசையில் வரும் பயம் அது, அதைக் கடிந்துகொள்ளக் கூடாது.

2006-இல் மில்லர், லைட், ஷ்லோசர் என்ற மூவர், படம், சைகை, கருவி முதலியவற்றைப் பயன்படுத்திய பிள்ளைகளின் பேச்சு என்ன ஆனது என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நம்பத்தகுந்த முறையில் செய்யப்பட்டவை என்று தேறியவற்றில் 27 பேர். அவர்களில் 89 சதவீதத்தினருக்குப் பேச்சு கூடியிருந்தது, 11 சதவீதத்தினருக்கு மாற்றம் இல்லை. குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. கூடியவர்களிலும் பலருக்குச் சிறிய அளவில்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அட்டை கொடுத்தால் பேச்சு கொட்டும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பேச்சை அட்டை தின்றுவிடாது என்பதைத் தைரியமாகச் சொல்வேன்.

அம்மா, உங்கள் மாமியாரையே எதிரில் உட்காரும் ஆளாக்குங்கள். அட்டை அவர்கள் கையில் விழும்போது "போதும்" என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். தினமும் பத்து முறை, அர்த்தத்தோடு, சரியான நேரத்தில் அந்தச் சொல் அவன் காதில் விழும். "ஆத்தா சொல்லு" என்பதைவிட அது வலுவான பாடம்.

பின்னால் சொற்கள் பெருகினால் கருவிக்குப் போகலாம். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி இருக்கிறது, படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும். அஜித் நாராயணன் தொடங்கியது, மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தது, தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் அவசரம் வேண்டாம். மின்சாரம் இல்லாமலும் மழையிலும் வேலை செய்யும் அட்டை எப்போதும் ஒன்று கையில் இருக்கட்டும்.

தாமரைக்குளம் | அடுத்த வெள்ளி, இரவு 10.45

ஐந்து நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் மாலை, பின்னால் நான் கையே வைக்காமல், அவனாகவே அட்டையை எடுத்தான். நூல் கட்டியிருந்ததால் மேசை ஓரம் வரை இழுத்து, பாட்டியின் கையைத் திறந்து, அதற்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். பாட்டி "போதும்" என்று சொன்னார்கள், குரல் உடைந்துவிட்டது. அன்று அவர்களே இரண்டாவது அட்டைக்கு அட்டைப்பெட்டி வெட்டினார்கள்.

இன்று எல்லாம் தலைகீழ். பள்ளியில் வேறு ஆசிரியை வந்திருக்கிறார். மகன் அட்டையை நீட்டியிருக்கிறான். "இன்னும் ஒரு வரி எழுது, பிறகு" என்றிருக்கிறார். மறுபடி நீட்டியிருக்கிறான். அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாராம், "விளையாட்டுப் பொருள் வகுப்பில் வேண்டாம்" என்று. அதன் பிறகு கடித்த கடியில் பழைய காய்ப்பு பிளந்து, தையல் போட்டிருக்கிறோம். எல்லாம் முடிந்துபோனதா சார்?

மஞ்சள்வீடு | வெள்ளி, இரவு 11.10

அம்மா, முடிந்துபோகவில்லை. அந்த அட்டை விளையாட்டுப் பொருள் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் "தொடர்பு" என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே பேச்சுக்கு மாற்றாகவும் துணையாகவும் இருக்கும் வழிகள் எல்லாம் அடங்கும். அதே சட்டத்தின் 17-வது பிரிவு கல்வியில் அவற்றைப் பரப்ப வேண்டும் என்கிறது. சண்டைக்குப் போக வேண்டாம், இரண்டு வரியைத் தமிழில் எழுதி தலைமையாசிரியரிடம் கொடுத்து, பிள்ளையின் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்ட பிள்ளையின் கண்ணாடியைப் பிடுங்கி இழுப்பறையில் வைப்பார்களா என்று கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன், வேலை செய்தது.

கரும்பலகை | சனி, காலை 6.00

காயம் எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

எப்போதும் கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று நின்றால் பிள்ளை முதலில் இன்னும் பலமாகக் கேட்கும். நின்றுபோன கடிகாரத்தை நாம் தட்டிப் பார்ப்பதில்லையா, அதுபோல. உங்கள் மகனுக்கு நேற்று இரண்டு வழியும் ஒரே நேரத்தில் அடைபட்டன. புது ஆசிரியை வந்தால் பத்து நிமிடம் அவரையே எதிரில் உட்காரவைத்து இரண்டு முறை அட்டையை வாங்கிப் பழக்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பாடம். பையில் மூன்று அட்டை இருக்க வேண்டும், ஒன்று தொலைந்தாலும் பிடுங்கப்பட்டாலும்.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பென்சிலை எறியும் ஒரு சிறுமிக்கு "தயவுசெய்து எனக்கு ஓய்வு கொடுங்கள்" என்று நான்கு படங்களை வரிசையாக ஒட்டித் தரக் கற்றுக்கொடுத்தேன். முழு வாக்கியம், மரியாதை எல்லாம் வர வேண்டும் என்ற என் ஆசை. அழகாகக் கற்றுக்கொண்டாள். பயன்படுத்தவே இல்லை, பென்சிலைத்தான் எறிந்தாள். ஒரு பென்சிலை எறிய ஒரு நொடி, நான்கு படம் ஒட்ட இருபது நொடி. ஹார்னரும் டேயும் 1991-இல் இதையே காட்டியிருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன்: முழு வாக்கியத்தைச் சைகையில் சொல்லவைத்தபோது பழைய நடத்தை போகவில்லை, ஒரே ஒரு சைகையாகக் குறைத்தபோது போனது. அந்தச் சிறுமியிடம் ஓர் ஆண்டை நான் வீணடித்தேன். மரியாதையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வடக்குத்தெரு சாரின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அது நியாயமான கேள்வி. முதல் சில நாட்கள் உண்மையிலேயே அட்டை மழைதான் பொழியும். பொழியட்டும். கேட்டால் கிடைக்கிறது என்று அவன் நம்ப வேண்டும். பிறகு ஒரு எழுத்து எழுதிய பின் அட்டை, இரண்டு எழுத்துக்குப் பின் அட்டை என்று மெல்ல நகர்த்தலாம். "இன்னும் இரண்டு" என்று விரலில் காட்டி, இரண்டு முடிந்ததும் வாக்கைக் காப்பாற்ற வேண்டும். இதை வாரக்கணக்கில் செய்ய வேண்டும். நேற்று வந்த ஆசிரியை கேட்டது தவறான வேலை அல்ல, ஆறு வாரம் கழித்துக் கேட்க வேண்டியதை ஆறாம் நாள் கேட்டுவிட்டார்.

வடக்குத்தெரு | சனி, இரவு 11.30

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். எனக்கும் மகள் இருக்கிறாள். 12 வயது, டவுன் சின்ட்ரோம். பாத்திரங்களைத் தூக்கி எறிவாள். அதட்டினால் அடங்கும் என்று எழுதினேனே, அன்று அடங்குவாள். மறுநாள் மறுபடி எறிவாள். இரண்டு முறை கை நீட்டிவிட்டேன். கரும்பலகை சார் சொன்ன நோட்டை நானும் போட்டேன், யாருக்கும் சொல்லாமல். எறிவதற்கு முன்னால் நானும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம், அல்லது நான் போனில் இருக்கிறேன். எறிந்தவுடன் நான் ஓடிப்போகிறேன், அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறேன், முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுகிறேன். பதினான்கு வரி எழுதினேன். அந்த நாட்களில் நான் அவள் பெயரைச் சொன்னது பெரும்பாலும் அப்போதுதான்.

கரும்பலகை | ஞாயிறு, காலை 7.20

சார், இதை எழுதியதற்கு உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. அவளுக்கு "போதும்" வேண்டாம், "என்னைப் பார்" வேண்டும். தோளைத் தட்டக் கற்றுக்கொடுங்கள், அல்லது சத்தம் வரும் ஏதாவது ஒன்று. தட்டியவுடன் போனைக் கீழே வைத்து அவள் முகத்தைப் பாருங்கள். தட்டு விழுந்தால் அமைதியாக எடுத்து வையுங்கள், பெயர் சொல்லாதீர்கள், கண்ணையும் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அவள் கேட்காத நேரத்திலும் போய் அருகில் உட்காருங்கள்.

வடக்குத்தெரு | பத்து நாள் கழித்து, இரவு 8.50

பழைய சைக்கிள் மணி ஒன்றை ஒரு பலகையில் பொருத்திக் கொடுத்தேன். ஒரு நாளில் நாற்பது முறை அடித்தாள். நாற்பது முறையும் போனேன். மனைவி சிரிக்கிறாள், வேலைக்குப் போகும் முன்பே களைத்துவிடுகிறேன். இந்த வாரம் தட்டு விழுந்தது மூன்று முறை. நான் குளிக்கும்போது, தொழுகையின்போது என்ன செய்வது?

கரும்பலகை | பத்து நாள் கழித்து, இரவு 9.30

இரண்டு வண்ண அட்டை வையுங்கள். பச்சை தொங்கினால் மணிக்குப் பதில் உண்டு. சிவப்பு தொங்கினால் இப்போது இல்லை, பச்சை வரும். முதலில் சிவப்பு அரை நிமிடம் மட்டும். பச்சைக்கு மாறியவுடன் நீங்களே அவளிடம் போங்கள். சிவப்பு நிச்சயம் முடியும் என்பதை அவள் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் நம்புவாள். பிறகு குளிக்கும் நேரம் வரை நீட்டலாம்.

தாமரைக்குளம் | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு காலை 10.10

தாமதத்துக்கு மன்னியுங்கள். தலைமையாசிரியர் கடிதத்தை வாங்கிக்கொண்டார், ஆசிரியைகள் எல்லோரும் அட்டையை வாங்குகிறார்கள். இந்த மாதம் பள்ளியிலிருந்து இரண்டு அழைப்புதான். ஓட்டி எழுதும் நோட்டை நிறுத்திவிட்டு, பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். நான் தையல் கடையிலிருந்து எடுத்துப் போய்க் கொடுத்த பொத்தான்கள். அதற்கு அவன் "போதும்" சொல்வதே இல்லை. மிக்ஸிக்கு "வெளியே" என்று இன்னோர் அட்டை. ஜாடியை எடுக்கும்போதே காட்டிவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறான். கடி முழுக்க நிற்கவில்லை. காய்ச்சல் வந்த இரண்டு நாள் நிறையக் கடித்தான். "வலிக்கிறது" அட்டையை இப்போது ஆரம்பித்திருக்கிறோம், ஒற்றைவிரல் தம்பி சொன்னதை மறக்கவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். முடி வெட்டப் போனோம். வழக்கமாக மூன்று பேர் பிடித்துக்கொள்வோம். நேற்று அவசரத்தில், வெளியே போகும்போது அவன் இடுப்பில் கட்டிவிடும் அட்டைகளை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பாதித் தலை முடிந்தபோது அவன் தோள் ஏறியது, முனகல் ஆரம்பித்தது. இடுப்பைத் தடவினான், அட்டை இல்லை. என் கையைப் பார்த்தான். என் விரலிடுக்கில் பஸ் டிக்கெட் இருந்தது. அதை உருவி, போர்த்தியிருந்த துணிக்கு வெளியே கையை விட்டு, முடி வெட்டுபவரின் கையில் வைத்து விரல்களை மடக்கினான்.

"என்னம்மா இது?" என்றார் அவர்.

"போதும் என்கிறான் அண்ணா" என்றேன்.

அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். கடை முழுக்க எங்களைப் பார்த்தது. ஒரு பக்கம் வெட்டியும் ஒரு பக்கம் வெட்டாமலும் அவனைக் கூட்டிக்கொண்டு தெரு வழியே வீட்டுக்கு வந்தேன். கையில் ஒரு பல்தடம்கூட இல்லை. மீதிப் பாதிக்கு இன்று மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அட்டை இரண்டு எடுத்து இப்போதே பைக்குள் வைத்துவிட்டேன்.